மேசைக்கடியில் ஒரு ரவுட்டர்

அந்த ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் ரூட்டக்கா. பெரிய டாக்டருக்கு அவளைவிட இருபது வயது கூடுதல். அவரும் அக்கா என்றுதான் சொல்வார். அதைக் கேட்டு யாரும் சிரிப்பதுகூட நின்றுபோயிருந்தது.

பெயர் வந்த கதை சின்னது. பெரிய ஆஸ்பத்திரிக்கு நகரத்தைச் சுற்றி ஐந்து கிளினிக்குகள். கிளினிக்கில் எடுக்கும் ரத்தம் வண்டியில் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்துக்கு வரும். முடிவு கம்ப்யூட்டர் வழியாகத் திரும்பிப் போகும். போகிற வழியைக் காட்டுவது ரவுட்டர் என்கிற பெட்டி. கிளினிக்குக்கு ஒன்று, ஆஸ்பத்திரியில் பெரியதாக ஒன்று. ஒவ்வொரு பெட்டியிலும் ‘இன்ன இடத்துக்குப் போக இன்ன வாசல்’ என்று வரி வரியாகத் தன் கையால் எழுதி வைத்தவள் அவள்தான். எங்காவது கம்பி அறுந்தால் அத்தனை பெட்டியிலும் வரிகளை மாற்றி, சுற்று வழியில் திருப்பி விடுவாள். ஒரு தடவை பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பாதி மரத்துப்போன வாயோடு, போனிலேயே ஒவ்வொரு வரியாகச் சொல்லி மாற்ற வைத்திருக்கிறாள். ஒன்பது வருஷம் இப்படித்தான் ஓடியது.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

“இனிமே இந்தக் கைவேலையெல்லாம் வேணாம்மா. டைனமிக் ரவுட்டிங் போட்ருவோம். ரவுட்டருங்களே ஒண்ணுக்கொண்ணு பேசி வழி கண்டுபிடிச்சுக்கும். ஒரு கம்பி போச்சுன்னா அதுவே வேற வழி பாத்துக்கும். உங்களுக்குப் பழக்கம்தான?”

அவளுக்குப் பழக்கமில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டுச் செய்திருப்பார்கள், அவளும் கூட நின்று பார்த்திருப்பாள். ஆனால் ரூட்டக்கா என்று ஊரே கூப்பிடும்போது, ரூட் விஷயத்தில் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

“பழக்கம்தான் சார். முன்னாடி வேலை பாத்த எடத்துல போட்டிருக்கேன்.”

முன்னால் வேலை பார்த்த இடத்தில் மொத்தமே ஒரு ரவுட்டர்தான். அது யாரோடாவது பேச வேண்டுமென்றால் சுவரோடுதான் பேசியிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து அவள் ரகசியமாகப் படிக்க ஆரம்பித்தாள். பழைய சாமான் அறையில் கிடந்த ஒரு ரவுட்டரைத் துடைத்து எடுத்து வந்து, தன் மேசைக்கடியில் வைத்துக்கொண்டாள். அதற்கு ஒரு அடையாள எண் கொடுக்க வேண்டும். சட்டென்று நினைவில் நிற்கட்டும் என்று ஒன்பது ஒன்பது ஒன்பது ஒன்பது என்று வைத்தாள். ஆஸ்பத்திரியின் நிஜமான முகவரிகளையே அதற்குள் எழுதி, அழித்து, திரும்ப எழுதிப் பழகினாள். மூன்று மாதத்தில் விஷயம் பிடிபட்டது. இரண்டு விடுமுறை நாளில் ஆறு ரவுட்டரையும் புது முறைக்கு மாற்றினாள். முதல் கிளினிக்குக்குப் போகும் கம்பியைச் சோதனைக்காகப் பிடுங்கிப் பார்த்தபோது, வழி தானாகவே மூன்றாவது கிளினிக் வழியாகத் திரும்பிக்கொண்டது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

இரண்டு காரியத்தை மட்டும் அவள் செய்யவில்லை. ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசுவதற்குக் கடவுச்சொல் ஒன்று வைக்க வேண்டும் என்று படித்திருந்தாள். ஊழியர்கள் உட்காரும் அறைகளின் பக்கம் இருக்கும் வாசல்களில் இந்தப் பேச்சே கூடாது, வாயைக் கட்டிவிட வேண்டும் என்றும் படித்திருந்தாள். இரண்டும் கொஞ்சம் நச்சுப்பிடித்த வேலை. எல்லா வாசலிலும் பேசு என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள்.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்தே முக்கால் இருக்கும். பரிசோதனை முடிவுகளைச் சேர்த்து வைக்கும் சர்வர்களின் முகவரித் தொகுதியைப் பிற்பாடு இரண்டாகப் பிரிக்க வேண்டி வரும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதை மேசைக்கடி ரவுட்டரில் எழுதிப் பார்த்தாள். சரியாக வந்தது. எழுதியதை ஒரு பிரதி எடுத்து வைக்கலாம் என்று, நீல ஒயர் ஒன்றால் அந்த ரவுட்டரைச் சுவரிலிருந்த இணைப்பில் செருகினாள். பிரதி ஏறட்டும் என்று டீ குடிக்கப் போனாள்.

டம்ளர் பாதி காலியாகும்போதே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது கிளினிக் நர்ஸ் முதலில் பேசினாள்.

“ரூட்டக்கா, ரிப்போர்ட் ஒண்ணும் திறக்க மாட்டேங்குது. சுத்திக்கிட்டே இருக்கு.”

அடுத்து முதலாவது கிளினிக். அதற்கடுத்து ஆஸ்பத்திரிக்குள்ளேயே அவசரப் பிரிவு. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். அவளுக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. வழக்கமான தேடலைத் தொடங்கினாள்: கம்பிகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன, சர்வர்கள் உயிரோடு இருக்கின்றன, ஆனால் யாரும் சர்வரைத் தொட முடியவில்லை. அரை மணி நேரம் அலைந்தாள். கடைசியில்தான் பெரிய ரவுட்டரிடம், நீ யார் யாரோடு பேசுகிறாய் என்று கேட்டாள். ஐந்து பேர் இருக்க வேண்டிய பட்டியலில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறாவது வரியில் ஒன்பது ஒன்பது ஒன்பது ஒன்பது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

நடந்தது எளிமையானது. சர்வர்கள் என்னிடம் இருக்கின்றன என்று பெரிய ரவுட்டர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. மேசைக்கடி ரவுட்டர் புதிதாக உள்ளே வந்து, அந்தத் தொகுதியின் முதல் பாதியும் என்னிடம்தான், இரண்டாவது பாதியும் என்னிடம்தான் என்று இன்னும் நுணுக்கமாகச் சொன்னது. நுணுக்கமாகச் சொல்பவரை நம்புவதுதான் ரவுட்டர்களின் வழக்கம். ஐந்து கிளினிக்கின் கேள்விகளும், அவசரப் பிரிவின் கேள்விகளும், அவள் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்து செத்துக்கொண்டிருந்தன. நீ யார் என்று கேட்கக் கடவுச்சொல்லும் இல்லை.

குனிந்து நீல ஒயரைப் பிடுங்கினாள்.

சரியாக அதே நேரத்தில் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் வேறொன்று நடந்தது. கேபிள்காரர் அன்று காலையிலிருந்து ஏணி போட்டு, மேல்கூரைப் பலகையைத் திறந்து, புது ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். ஒப்பந்த நிறுவனத்து ஆள். பன்னிரண்டு வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் அவர் இழுக்காத ஒயர் இல்லை. இவரால்தான் ஏதோ ஆகிவிட்டது என்று மேனேஜர் ஏணிக்குக் கீழே நின்று கத்த, அவர் பதறிப்போய், கைக்கு எட்டிய இணைப்புகளையெல்லாம் ஒருமுறை அழுத்திச் செருகினார். அவர் செருகியதற்கும் அவசரப் பிரிவில் திரை உயிர் பெற்றதற்கும் சரியாக இருந்தது.

“வந்துருச்சு, வந்துருச்சு” என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

மேனேஜர் அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு அவள் அறைக்கு வந்தார். கேபிள்காரரின் தலையெல்லாம் கூரைத் தூசி.

“இவர் கைய வச்சாரு, போச்சு. அழுத்திச் செருகினாரு, வந்துருச்சு. அதானம்மா?”

நீல ஒயர் அவள் காலடியில் கிடந்தது. அவள் அதைச் செருப்பால் உள்ளே தள்ளினாள். தள்ளியது தெரிந்தே செய்தது. பின்னாளில் இதை யாரிடம் சொன்னாலும் அந்தத் தள்ளலை அவள் விடாமல் சொன்னாள்.

“இருக்கலாம் சார்” என்றாள்.

கேபிள்காரர் மறுத்துப் பேசுவார், சண்டை போடுவார், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவர் சண்டை போடவில்லை.

“மன்னிச்சுக்கோங்க சார். பழைய ஒயர் ஏதோ அசைஞ்சிருக்கும் போல. நான் பாத்துதான் வச்சேன். இருந்தாலும் என் கைதான அங்க இருந்துச்சு” என்றார். பிறகு அவளைப் பார்த்து, “உங்களையும் அலைய விட்டுட்டேம்மா” என்றார்.

அன்று சாயங்காலம் மூன்றாவது கிளினிக் நர்ஸ் மறுபடி பேசினாள். பேச்சுவாக்கில் சொன்னாள்: “ஒரு கொழந்தைக்கு ரிப்போர்ட் வரலைன்னு திரும்ப ரத்தம் எடுத்தோம்க்கா. நரம்பே கிடைக்கல. மூணு தடவை குத்த வேண்டியதாப் போச்சு. அவங்கம்மா என் முகத்தையே பாக்கல.” இவள், “ஐயோ” என்றாள்.

அலுவலகத்திலிருந்து கிளம்புவதற்கு முன்னால் இரண்டு காரியம் செய்தாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதை இப்போது செய்தாள். கடவுச்சொல் வைத்தாள், வாசல்களின் வாயைக் கட்டினாள். அடுத்ததாக, என்ன எப்போது நடந்தது என்று ஆறு ரவுட்டரும் தாமாகக் குறித்து வைத்திருந்த பதிவுகளை அழித்தாள். பதிவுகளைச் சேர்த்து வைக்கும் சர்வரிலும் அழித்தாள். ஒன்பது ஒன்பது ஒன்பது ஒன்பது என்று ஒரு வரி எங்கேயும் மிச்சமில்லை.

தவறு யாருக்கும் நேரும். பதிவை அழித்த பிறகு அது தவறு என்ற பெயரிலிருந்து வேறு பெயருக்கு மாறிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

கேபிள்காரர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நிறுவனம் அவரை ஆஸ்பத்திரி வேலையிலிருந்து எடுத்து, தெருவில் குழி வெட்டிக் கேபிள் பதிக்கும் கூட்டத்தில் போட்டது. அவளுக்கோ ஆண்டுக் கூட்டத்தில் மேடைக்கு அழைத்துப் பாராட்டு. புது முறையைத் தனி ஆளாக நிறுவியதற்கும், கோளாறு வந்தபோது நாற்பது நிமிடத்தில் சமாளித்ததற்கும். பெரிய டாக்டர் சான்றிதழைக் கையில் கொடுத்து, “அக்கா இல்லன்னா நாம இல்ல” என்றார். கை தட்டினார்கள். அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது.

அவள் கணவர் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். எதையும் சத்தமில்லாமல் செய்கிற மனிதர். அந்தச் சான்றிதழுக்கு மட்டும் சட்டம் போட்டு, கூடத்தில் மின்விசிறி ஸ்விட்சுக்கு மேலே மாட்டினார். வருகிறவர்கள் பார்க்கவில்லையென்றால் ஸ்விட்சைப் போட்டு அணைத்துக் காட்டுவார். அவள் கூடத்தில் உட்காருவதையே குறைத்துக்கொண்டாள். சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். “ஏன் இப்படிக் கால்ல வெந்நி ஊத்தின மாதிரி ஓடுற?” என்பார் அவர். “வேலை இருக்கு” என்பாள்.

நாலு மாதம் கழித்து ஒரு மதியம், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நடைபாதையை வெட்டிப் போட்டிருந்தார்கள். குழி விளிம்பில் கேபிள்காரர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் கூப்பிட்டார்.

“நல்லா இருக்கீங்களாம்மா?”

“இருக்கேண்ணே. நீங்க?”

“இருக்கேன்.” குழிக்குள் ஒருவர், ஒளியாகச் செய்தி ஓடும் கண்ணாடி இழை இரண்டை ஒட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் அதைச் செய்யக் கேபிள்காரரைவிடக் கைத்திறம் உள்ளவர் கிடையாது. “நீங்க செய்யலையா?” என்று கேட்டுவிட்டாள்.

“இல்லம்மா. இப்பல்லாம் ஒட்டுற வேலை மட்டும் நான் எடுத்துக்கறதில்ல. மண்ணு அள்ளிப் போடறேன், ஒயர் இழுக்கறேன். என் கைமேல எனக்கே ஒரு சந்தேகம்.” கையை விரித்துப் பார்த்தார். “அன்னிக்கு என்ன பண்ணேன்னு எத்தனையோ தடவை யோசிச்சுட்டேன். அந்தப் பக்கத்து ஒயர்மேல நான் கையே வைக்கலைன்னுதான் ஞாபகம். ஆனா வச்சிருக்கணும்ல? இல்லன்னா எப்படிப் போயிருக்கும்? கண்ணு டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். கண்ணு நல்லாத்தான் இருக்காம்.”

சொல்ல வேண்டிய இடம் அதுதான். பஸ் வந்தது. “உடம்பப் பாத்துக்கோங்கண்ணே” என்றாள். ஏறிவிட்டாள். ஜன்னல் வழியே பார்த்தபோது அவர் கை காட்டினார்.

அதற்குப் பிறகு பத்து நாள் அவளால் வேலையில் ஒரு வரி ஒழுங்காக எழுத முடியவில்லை. நாக்கில் ருசி போயிற்று. பதினோராவது நாள் மேனேஜர் அறைக்குப் போய், உட்காரச் சொல்லியும் உட்காராமல், எல்லாவற்றையும் சொன்னாள். முன்னால் போட்டிருக்கிறேன் என்று சொன்ன பொய்யிலிருந்து, செருப்பால் ஒயரைத் தள்ளியது, பதிவை அழித்தது வரை.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அவரைத் தெருவுல பாத்தீங்களா?”

“பாத்தேன் சார்.”

“அதான். பாவம் பாக்கறீங்க. நல்ல மனசும்மா உங்களுக்கு. அதுக்காகப் பழியைத் தூக்கி உங்க தலைல போட்டுக்கணுமா?”

“பழி இல்ல சார். நெஜமாவே நான்தான்.”

“ஆதாரம் ஏதாச்சும் இருக்கா?”

“நானே அழிச்சுட்டேன்.”

“பாத்தீங்களா” என்றார் அவர். வழக்கில் ஜெயித்தவர்போல் இருந்தது குரல். “ரிப்போர்ட் மேல போயி நாலு மாசம் ஆச்சு. அவர் கைப்பட எழுதிக் குடுத்திருக்காரு. உங்களுக்கு மேடையில கை தட்டியாச்சு. முடிஞ்சதைக் கிளறாதீங்கம்மா.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. தன் குற்றத்தை நிரூபிக்கத் தன்னிடமே ஒன்றுமில்லாமல் செய்துகொண்டிருந்தாள்.

“நான் காட்டறேன் சார்” என்றாள். “கிளினிக்கெல்லாம் மூடியிருக்கற ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் குடுங்க. அவசரப் பிரிவுல முன்னாடியே சொல்லி, அந்த ஒரு மணி நேரத்துக்குக் காகிதத்துல பாத்துக்கச் சொல்லிருங்க. அந்த அண்ணனையும் வரச் சொல்லுங்க.”

மேனேஜர் ஒத்துக்கொள்ள இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று. ஒத்துக்கொண்டதும் அவளுக்காக அல்ல. அவள் சொல்வது மெய்யாக இருந்தால் அன்றுவரை யார் வேண்டுமானாலும் எதையாவது கொண்டுவந்து செருகி ஆஸ்பத்திரியை நிறுத்தியிருக்கலாமே, இன்னும் எது எது திறந்து கிடக்கிறதோ என்ற பயம் அவரை மெதுவாகத்தான் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி. கேபிள்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. இன்னொரு விசாரணை என்றே நினைத்து, அறை மூலையில் நின்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை பார்வையை எடுக்கக் கூடாது என்று தனக்குள் விதித்துக்கொண்டிருந்தாள். பாதியிலேயே எடுத்துவிட்டாள்.

கடவுச்சொல்லைத் தற்காலிகமாக எடுத்தாள். வாசலைத் திறந்தாள். மேசையின் மேல் இருந்த கம்ப்யூட்டரில் பரிசோதனை முடிவு ஒன்றைத் திறந்து காட்டினாள். “இப்ப செருகப் போறேன்” என்று சொல்லி நீல ஒயரைச் சுவரில் செருகினாள்.

பத்து விநாடி ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர் இருமினார். நாற்பது விநாடி ஆனது. அவள் அடுத்த முடிவைத் திறக்கச் சொன்னாள். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவசரப் பிரிவிலிருந்து, சொல்லி வைத்தபடி, “எங்களுக்கும் நின்னுபோச்சு” என்று போன் வந்தது.

கேபிள்காரர் திரையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு சலவைச் சட்டையோடு தரையில் மண்டியிட்டு, மேசைக்கடியில் தலையை விட்டு, நீல ஒயரைத் தானே பிடுங்கினார். வெளியே வந்து திரை முன்னால் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் முடிவு திறந்தது. மறுபடி குனிந்து செருகினார். வட்டம் சுற்றியது. பிடுங்கினார். திறந்தது.

“போதும், புரிஞ்சுபோச்சு” என்றார் மேனேஜர்.

“இருங்க சார். இன்னும் ஒரு தடவை.”

அந்த ஒரு தடவையும் செய்தார். அதற்கு மேலும் ஒரு தடவை செய்தார். யாரும் தடுக்கவில்லை. கடைசியில் தரையிலேயே உட்கார்ந்து, ஒயரை மடியில் வைத்துக்கொண்டு, “அப்ப என் கை ஒண்ணும் பண்ணல” என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை.

“இல்லண்ணே. ஒண்ணுமே பண்ணல. என்னை மன்னி—”

“அத விடுங்க” என்றார். குரல் உயரவில்லை. போனை எடுத்து எண்ணை அழுத்தி அவளிடம் நீட்டினார். “என் வீட்டுக்காரிகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நான் சமாளிக்கறேன்னு நெனப்பா.”

அவள் சொன்னாள். எதிர்ப்பக்கம் ஒரு குக்கர் சத்தம் கேட்டது, அப்புறம் அடுப்பை அணைக்கும் சத்தம். அந்த அம்மாள் முழுதாகக் கேட்டார்.

“நான் அன்னிக்கே சொன்னேன், உங்க கை அப்படிப்பட்ட கை இல்லைன்னு. அவருதான் கேக்கல” என்றார். பிறகு, “நீங்களும் ஒரு பொம்பளதான?” என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள். “சரி. போனை அவர்கிட்ட குடுங்க” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை போலிருந்திருக்கும்.

அன்று மாலை கணவரிடமும் சொன்னாள். “என்கிட்டகூட சொல்லணும்னு தோணலையா?” என்று மட்டும் கேட்டார். எழுந்து போய்ச் சட்டத்தைக் கழற்றி, துணியலமாரியின் மேல் குப்புற வைத்தார்.

மேனேஜர் புது அறிக்கை எழுதினார். அவளுக்கு எழுத்தில் கண்டனம் வந்தது. நெட்வொர்க் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. அவள் அவருக்குக் கீழே அதே அறையில், அதே மேசையில் வேலை செய்தாள். வேலையை விட்டுவிடலாம் என்று பலமுறை தோன்றியது. விட்டால் புது இடத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது என்பதே அவளை நிறுத்தியது. டீ குடிக்கும் இடத்தில் அவள் போனால் பேச்சு கொஞ்சம் தணியும். பெரிய டாக்டர் அக்கா என்பதை விட்டுவிட்டு, “வாங்கம்மா” என்று சொல்லத் தொடங்கினார். மூன்றாவது கிளினிக் நர்ஸுக்கு அவளே போன் செய்து சொன்னாள். நர்ஸ், “அந்தக் கொழந்தை ஊசின்னாலே இப்ப ஒளிஞ்சுக்குது” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கேபிள்காரரை ஒப்பந்த நிறுவனம் ஒரு மாதத்தில் திரும்ப ஆஸ்பத்திரிக்கே அனுப்பியது. பழையபடி ஒட்டு வேலையும் அவரே செய்தார். காவலாளியோடு சிரிப்பார், நர்ஸுகளோடு வம்பளப்பார். அவளிடம் வேலைக்கு வேண்டிய வார்த்தை மட்டும்.

அந்த வருஷக் கடைசியில் ஆறாவது கிளினிக் திறந்தார்கள். அங்கே ஒயர் இழுத்தது அவர். ரவுட்டரை அமைக்க அனுப்பப்பட்டது அவள். பெயின்ட் வாசனை போகாத சின்ன அறையில் இருவருமே ஒரு நாள் முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். அவள் முதலில் கடவுச்சொல்லை எழுதினாள். பிறகு ஒவ்வொரு வாசலாகப் பேச வேண்டாம் என்று கட்டி, பெரிய ஆஸ்பத்திரியைப் பார்த்த இரண்டு வாசல்களை மட்டும் திறந்தாள். எழுதியதை அச்செடுத்து, புதுப் பொறுப்பாளரிடம் காட்டுவதற்காக ஒருமுறை படித்துப் பார்த்தாள்.

“ரெண்டு லைனும் ரெடி” என்றார் கேபிள்காரர், சுவரைப் பார்த்தபடி. “சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.”

அவள் பார்த்தாள். இழைகளில் ஒளி குறைவில்லாமல் வந்துகொண்டிருந்தது.

“சரியா இருக்குண்ணே” என்றாள். அவர் சாமான்களைப் பைக்குள் எடுத்து வைக்க ஆரம்பித்தார்.